எழுபத்தைந்து கிராம்

ஏழு நாள் சோதனை என்றான் நெவ்ஸாத்.
இடக்கன்னத்துக்கு டப்பா, வலக்கன்னத்துக்குக் குச்சி.
நடுவர் நான்.
கண்ணை மூடி, என் கன்னத்தை
அவன் கன்னத்தில் வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

டப்பா ஊர்லாவிலிருந்து தபாலில் வந்தது.
ஆலிவ் எண்ணெய், கழுதைப்பால், அத்தியிலை வாசம்.
மூடியில் மையால் எழுதியிருந்தது:
தொகுதி பதினான்கு. கையால் செய்தவர் தாரிக்.
விலையை அவன் சொல்லவில்லை.
துவைக்கப் போடும் முன் சட்டைப்பையில் துழாவியபோது
ரசீது சொல்லிற்று.
என் ஒன்றரை நாள் கூலி.

குச்சி எங்கள் தொழிற்சாலைச் சரக்கு.
மாட்டுக்கொழுப்பு. அதன்மேல் ஒரு வாசம்,
எலுமிச்சையைப் பார்த்தேயிராத ஒருவர்
யாரோ சொல்லக் கேட்டுச் செய்தது.
எழுபத்தைந்து கிராமுக்குக் குறைந்தால் கழித்துவிடுவார்கள்.
கழித்ததில் வெள்ளிக்கிழமை ஆளுக்கு நான்கு.
பதினொரு வருடமாக இந்த வீட்டில்
சவரச் சோப்புக்குக் காசு கொடுத்ததில்லை.

முதல் நாள் டப்பா முரண்டு பிடித்தது.
பிரஷ் நனைந்தது போதவில்லை அதற்கு.
இன்னும் கொஞ்சம் தண்ணீர், இன்னும் கொஞ்சம்,
சம்பந்தி வீட்டார் மாதிரி உபசாரம் கேட்டது.
குச்சிக்கு அந்தப் பிகுவெல்லாம் இல்லை.
ஈரத் தாடையில் நாலு இழுப்பு.
நுரையும் தயார், ஆளும் தயார்
ஐந்து நாற்பது படகுக்கு.

மூன்றாம் நாள் டப்பாவின் மனம் அவனுக்குப் பிடிபட்டது.
நுரை கெட்டித்தயிராக உட்கார்ந்தது.
கத்தி போய்வந்த தடமே தெரியவில்லை.
வலப்பக்கம் மோவாய்க்கு வருவதற்குள் காய்ந்து
வெள்ளையடித்த சுவரானது.
நான்காம் நாள் காதடியில் ஒரு கீறல்.
குச்சியைத் திட்டினான்.
ஜன்னலில் கடற்காகம் வந்து அமர்ந்ததையும்
அவன் திரும்பிப் பார்த்ததையும்
நான் சாட்சியத்தில் சேர்க்கவில்லை.

அந்த வாரம் கார்ஷியாகா படகில்
அவன் டிக்கெட் கேட்டுப் போகையில்
இடப்புறம் அமர்ந்தவர்களுக்கு மதியம்வரை அத்தித்தோப்பு.
வலப்புறத்தாருக்கு
முதல் தேநீரோடு எல்லாம் முடிந்தது.

மூன்றாம் வரிசை எனக்கு.
குச்சிகள் சூடு ஆறாமல் வரும்.
ஒன்பதில் ஒன்றுக்குத் தகடு சுருங்கி மாட்டிக்கொள்ளும்.
அடியில் கட்டைவிரல் வைத்து அழுத்தித் தள்ள வேண்டும்.
சின்னப் பள்ளம் விழும்.
ஆரம்பத்தில் பயந்துபோய்க் காட்டினேன்.
"தகடு மூடிவிடும் நெர்மின், யார் பார்க்கப்போகிறார்கள்"
என்றாள் மேற்பார்வைக்கார முஸெய்யென்.
எட்டு மணி நேரத்துக்கு எத்தனை பள்ளம்
என்று ஒருநாள் எண்ணத் தொடங்கினேன்.
அறுநூறில் விட்டுவிட்டேன்.

ஏழாம் நாள். கண்ணை மூடினேன்.
பொய் சொல்லியிருக்கலாம்.
பதினொரு வருடச் சோறு போட்ட கொழுப்பு அது.
ஆனால் கன்னத்துக்கு விசுவாசம் தெரியாது.
"இடது" என்றேன்.
"பார்த்தாயா" என்று குதித்தான்,
"கையால் செய்தது கையால் செய்ததுதான்."
என் கை அப்போது
பாத்திரத் தொட்டிக்குள் இருந்தது.

டப்பா இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு.
தீர்ப்பு என்னவானாலும்
ஐந்து நாற்பது, ஐந்து நாற்பதுதான்.

நேற்றுக் காலை குச்சி தேய்ந்து
தகட்டின் அடிவரை வந்துவிட்டது.
பிரித்தெடுத்தான். சுண்டுவிரல் கனம்.
எறிய மனம் வராமல்
புதுக் குச்சியின் தலையில் ஈரத்தோடு வைத்து அழுத்தினான்.
விரல் தானாக ஒரு பள்ளத்தில் இறங்கிற்று போலும்,
ஒரு கணம் நின்று பார்த்தான்.
"வசதியாக ஒரு குழி வைத்திருக்கிறார்கள்" என்றான்,
"மெஷினுக்கு எவ்வளவு யோசனை பார்."

நான் படகுக்கு நேரமாகிறது என்றேன்.